முதியங்கணையில் எடுத்த படம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு படம் உண்டு. அதில் அக்கா இல்லை. அம்மா இருக்கிறாள். ஆனால் அது அம்மா இல்லை என்று ஒரு பெரிய மனிதர் முன்னால் சொன்னோம். நானும் சொன்னேன். அப்போது எனக்கு ஏழு வயது.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் ஒரு அறை அளவுக் காம்பிராவில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் தேயிலை அரைக்கும் வேலை, இரவு முறை. அம்மா கொழுந்து எடுப்பாள். அக்காவுக்குப் பதின்மூன்று. தம்பி கைக்குழந்தை.

அப்பா பிறந்ததும் அதே தோட்டம்தான். ஆனாலும் நாடு சுதந்திரமான கையோடு ஒரு சட்டம் வந்தது. பாட்டன் காலத்தில் கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்த குடும்பங்கள், நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் என்று மனுப் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதன்பிறகு கொடுப்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். இல்லை என்றால் என்ன ஆகும் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. அக்கரைக்கே கப்பலேற்றி விடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அப்பா கப்பலைப் பார்த்ததே இல்லை.

மனுவை எழுதிக் கொடுத்தவர் ஆபீஸ் கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வாய் கடிசு, மனசு நல்ல மனசு. புருஷன் பெண்சாதி பிள்ளைகள் எல்லோரும் இடைவெளி இல்லாமல் இங்கேயே இருந்தார்கள் என்று காட்ட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அதற்குச் செக்ரோல் இருக்கிறது. தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று ஆபீசில் பேர் விழும் பெரிய புத்தகம் அது.

"செக்ரோல் காணும். வேறை ஒண்டும் தேவையில்லை. நீ பேசாமல் இரு" என்றார்.

அப்பாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. செக்ரோல் துரையுடைய புத்தகம். துரை மாறினால் புத்தகமும் மாறும் என்பது அவர் எண்ணம். நம் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்றார்.

கிளாக்கர் ஐயா வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அவர் குடும்பத்தோடு அனுராதபுரம் போனபோது அங்குள்ள பழைய பௌத்தத் தாதுகோபுரத்தின் முன்னால் நின்று எடுத்தது. விறகு கொண்டுபோய்ப் போடும்போதெல்லாம் அப்பா அதைப் பார்ப்பார். கிளாக்கர் ஐயாவை யாரும் மனுப் போடச் சொல்லவில்லை. அப்பா இரண்டையும் சேர்த்து யோசித்தார். இந்த நாட்டிலேயே பழமையான ஒன்றின் முன்னால் நின்று ஒரு படம் இருந்தால், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று முடிவுக்கு வந்தார். அனுராதபுரம் தூரம். பதுளையில் முதியங்கணை விகாரை இருந்தது. புத்தரே வந்து போன இடம் என்று சிங்கள ஆட்கள் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார். படக்கடையில் கண்ணாடிக்குள் மாப்பிள்ளை பெண் படங்கள் வரிசையாக இருந்தன. படக்காரர் அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு எங்களைக் கடைக்குள்ளே அழைத்துப் போய்ச் சுவரில் தொங்கிய சீலையைக் காட்டினார்.

"இங்கேயே எடுக்கலாமே அண்ணே. பாருங்க, ஆறு, அரண்மனை, அன்னம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதுனது வேணாங்க. நெசமானது வேணும்."

படக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விகாரைப் பன்சலையில் கூட்டம் இருக்கும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், வெயிலும் சரியாக இருக்கும் என்றார். துண்டுக் காகிதத்தில் நாளும் நேரமும் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை மடித்து, திருநீற்றுப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை என்றதும் அம்மா முகம் மாறியது. அது கொழுந்து மாசம். பெண்களுக்கு லீவு கிடையாது. அம்மாவின் பேர் அன்றைக்கு விழாவிட்டால் புத்தகத்தில் ஒரு ஓட்டை. இடைவெளி இருக்கக்கூடாது என்று கிளாக்கர் ஐயா சொல்லியிருக்கிறார். நீங்களே பிள்ளைகளோடு போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள் அம்மா.

"பொண்டாட்டி இல்லாத படத்தக் காட்டுனா, பொண்டாட்டி எங்கன்னுதான் கேப்பான்" என்றார் அப்பா.

இரண்டு நாள் வீட்டில் இதுதான் பேச்சு. கடைசியில், கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி ஒரு வழி சொன்னார். அக்கா அம்மாவின் கூடையோடு மலைக்கு வரட்டும். பேர் அம்மாவுக்கு விழும். காய்ச்சல் காலத்தில் எல்லா லயத்திலும் நடக்கிற காரியம்தான். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை விடிய முன்னமே அக்கா இடுப்பில் சாக்கைக் கட்டி, அம்மாவின் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். கூடை அவள் முழங்காலைத் தட்டியது. எனக்கு அம்மா பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் சேத்து நல்லா நில்லு" என்றாள்.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவிடம் சப்பாத்து இரவல் வாங்கியிருந்தார். ஒரு விரல் அளவு பெரியது. துணி அடைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பதுளை வரை காலை அசைக்காமல் உட்கார்ந்து வந்தார். விகாரை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா சிறிது நேரம் நின்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று தாதுகோபுரம். அத்தனை பெரிய வெள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா தன்னையறியாமல் கைகூப்பினாள். பூத்தட்டோடு வந்த ஒரு சிங்கள அம்மா தம்பியின் கன்னத்தைத் தட்டிவிட்டு என் கையில் ஒரு பூவைக் கொடுத்தாள்.

படக்காரர் சைக்கிளில் பெட்டியும் முக்காலியும் கொண்டுவந்தார். எங்களைக் கோபுரத்தின் முன்னால் நிற்கவைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அப்பா நின்ற இடத்திலிருந்தே கோபுரத்தின் நுனி தெரிகிறதா என்று கேட்டார். பாதிதான் தெரிகிறது என்றார் படக்காரர். அது முழுதாக வரவேண்டும் என்றார் அப்பா. படக்காரர் முக்காலியைப் பின்னால் தள்ளினார். அப்பா மறுபடி கேட்டார். அவர் மறுபடி தள்ளினார். அரச மரத்தடி வரை போய்விட்டார்.

"அண்ணே, அது முழுசா வந்தா நீங்க எல்லாம் எறும்பு மாதிரித் தெரிவீங்க" என்று அங்கிருந்து சத்தம் போட்டார்.

"நாங்க எப்புடித் தெரிஞ்சாலும் பரவாயில்லைங்க. அது முழுசாத் தெரியணும்."

மூச்சுவிடாமல் நின்றோம். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

இரண்டு வாரத்தில் படம் வந்தது. லயமே வந்து பார்த்தது. கோபுரம் நுனி வரை விழுந்திருந்தது. அடியில் நாங்கள் நாலு பேர். அப்பாவின் வெறுங்கால் தெரிந்தது. தம்பி ஆடியதால் முகம் கலங்கியிருந்தது. அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள்.

பக்கத்துக் காம்பிரா அத்தை, பன்சலைக்குப் போய் இரண்டாந்தரம் தாலி கட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"இது நானே இல்ல. யாரோ வெயில்ல காஞ்சவ" என்றாள்.

அக்கா மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

நாலு மாதம் கழித்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. அதே நாளில் எங்கள் தோட்டத்திலிருந்து இன்னும் ஐந்து குடும்பங்களுக்கும். எல்லோரும் ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். கிளாக்கர் ஐயா செக்ரோல் புத்தகங்களைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். கங்காணியும் சாட்சிக்கு வந்தார். ஒரு பழைய கட்டடத்தின் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர். கண்ணாடி போட்டிருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று அவர் பேசியதைத் தமிழில் சொன்னார். அப்பாவிடம் பிறந்த இடம், வேலை, பிள்ளைகள் என்று கேட்டார். செக்ரோலைப் புரட்டினார். தலையை ஆட்டினார். கிளாக்கர் ஐயா அப்பாவைப் பார்த்து, முடிந்தது, போ என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

அப்பா போகவில்லை. மடியிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

பெரியவர் படத்தை எடுத்துப் பார்த்தார். நல்ல படம் என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பெரியவர் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் படக்காரரின் முத்திரை இருந்தது. அதன் கீழே ஊதாப் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. அவர் தேதியைப் பார்த்தார். பிறகு அந்த மாதத்துச் செக்ரோலைக் கேட்டார். விரலை வைத்துக் கீழே கீழே கொண்டுபோனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

கிளாக்கர் ஐயா சுவரோடு சாய்ந்துகொண்டார்.

பெரியவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "இந்தத் தேதியில நீ எங்க இருந்த?"

அப்பா வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதற்குள் அம்மா பேசினாள். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"மலையிலங்க. கொழுந்து எடுத்தேன். பேர் விழுந்திருக்குமே, பாருங்க."

"அப்ப இந்தப் படத்துல நிக்கிறது யாரு?"

"என் தங்கச்சிங்க. பூனாகலையில கட்டிக் குடுத்திருக்கு. புள்ளைகளப் பாத்துக்க வந்தவ. அவளக் கூட்டிக்கிட்டுப் போனாரு."

அம்மாவுக்குத் தங்கச்சி கிடையாது.

பெரியவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஒரு முழு கோபுரத்தின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். அவராலும் முடிவு செய்ய முடியவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, இது யாரு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்தில் சொன்ன வேடிக்கையைத்தான் அம்மா இங்கேயும் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெயிலில் காய்ந்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டே, "சித்தி" என்றேன்.

பெரியவர் புத்தகத்தை மூடினார். ஏதோ எழுதினார். போகச் சொன்னார்.

அம்மா செய்ததன் கணக்கு எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது. அன்றைக்குப் படத்தில் நின்றது அவள்தான் என்றால் செக்ரோல் பொய். ஒரு நாள் பொய் என்றால் எல்லா நாளும் பொய்தான். வராந்தாவில் இருந்த ஐந்து குடும்பத்துக்கும் அந்தப் புத்தகத்தைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. கங்காணிக்கும் வேலை போயிருக்கும். தங்கச்சி என்று சொன்னால் கெடுவது எங்கள் மனு ஒன்றுதான். அத்தனையும் அம்மா அந்த மேசைக்கு முன்னால் ஒரு மூச்சுக்குள் யோசித்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்கே போகாதவள்.

வெளியே வந்து அப்பா மரத்தடியில் உட்கார்ந்தார். கிளாக்கர் ஐயா அவரிடம் வந்து, "நான் அண்டைக்கே சொன்னனான்..." என்று தொடங்கினார். பக்கத்தில் அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். கங்காணி தூரத்தில் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கடிதம் வந்தது. கிளாக்கர் ஐயா ஆபீஸ் படியில் நின்று வாசித்தார். குடும்பப் படத்தில் நிற்பது வேறு பெண்; பெண்சாதி இந்த நாட்டில் புருஷனோடு கூட இருந்தாள் என்பதற்குத் திருப்தியான அத்தாட்சி இல்லை. ஆகையால் மனு தள்ளப்பட்டது. இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார் அப்பா. வாசித்தார். அப்பா சரிங்க என்றார். அன்று இரவும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார்.

ஐந்தில் நாலு குடும்பத்துக்கு ஒவ்வொன்றாகப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. வந்த வீட்டிலிருந்து சர்க்கரையும் பழமும் எங்களுக்கும் வரும். அம்மா வாங்கிக்கொள்வாள். எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். நான் ஒருநாள் கேட்டேன்.

"படத்துல நீதானம்மா. ஏன் இல்லன்னு சொன்ன?"

"அடுப்பு அணையுது பாரு" என்றாள்.

பத்திரம் எங்களுக்கு இல்லை என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் பொய்யால்தான் இது என்று நினைத்தேன். அவளோடு சில நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் லயத்துக்கு ஒரே பீலி. மலையிலிருந்து தகரக் குழாயில் தண்ணீர் வரும். காலையில் அங்கே பெரிய சண்டை நடக்கும். குடங்களை வரிசையாக வைப்பார்கள். ஒரு குடத்தை நகர்த்தினால் போதும், மூன்று தலைமுறையை இழுத்துப் பேசுவார்கள். பக்கத்துக் காம்பிரா அத்தையோடு அம்மா எத்தனையோ தரம் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

அந்த வருஷம் அது நின்றுபோனது. அம்மா குடத்தோடு வருவதைக் கண்டால் பேச்சு அடங்கும். நிறைந்துகொண்டிருக்கும் குடத்தைக்கூடப் பாதியில் எடுத்துவிட்டு அம்மாவுக்கு வழிவிட்டு நிற்பார்கள். அம்மா தன் குடத்தை நிரப்பிக்கொண்டு போவாள். அவள் தலை மறைகிற வரை யாரும் குடத்தை வைக்கமாட்டார்கள். அத்தையும்தான்.

நான் அம்மாவின் பின்னால் சின்னக் குடத்தோடு நடப்பேன். பத்திரம் இல்லாதவர்கள் என்று எங்களைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று அந்த வயதில் நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டே போவேன்.