பஞ்சாயத்தில் தங்கைக்காக நான் பேசியது

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிப்பது என் வேலை. பேசத் தெரிந்தவர்கள் புடவையைப் பிரித்துக் காட்டி விற்பார்கள். பேசத் தெரியாத நான் அதைத் திரும்ப மடித்து அடுக்குவேன். பத்தாவதோடு நின்றவனுக்கு, அதிலும் கூச்சக்காரனுக்கு, இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. புடவை எதிர்க்கேள்வி கேட்காது.

என் தங்கை வேறு மாதிரி. தறிக்காரர்களிடம் நேராகப் புடவை எடுத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, சேத்துப்பட்டு, தேவிகாபுரம் என்று வீடு வீடாக விற்பவள். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களே பிறகு அவளை உட்காரவைத்து, மோர் கொடுத்து, புடவையும் வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் இருவரில், அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஜமாஅத் பஞ்சாயத்தில் பேசும் தகுதி எனக்குத்தான் இருந்தது. எனக்குத் தாடி இருக்கிறதே.

அவள் புருஷனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, வேலூரில் இன்னொரு குடும்பம். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு என்பார். இருவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று அதே மார்க்கம் சொல்வது மட்டும் அவருக்கு ஞாபகம் வராது. பெருநாளுக்குப் பெருநாள் வருவார். புருஷன் என்ற உரிமையில் தங்கை சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு போவார். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது அப்படிச் சொன்னால் ஜெயில் என்று சட்டம் வந்துவிட்டது. மச்சான் சட்டத்தை மதிப்பவர். அதனால் எதுவுமே சொல்லாமல் விட்டுப்போனார்.

தங்கை குலா கேட்டாள். மனைவியே முன்வந்து விடுதலை கேட்பதற்குப் பெயர் குலா. அது பெண்ணுக்கு மார்க்கம் கொடுத்த உரிமை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய பஞ்சாயத்து பள்ளிவாசலுக்குள் நடக்கும். எங்கள் தெரு வழக்கப்படி பெண்கள் பள்ளிவாசலுக்குள் வருவதில்லை. உரிமை உள்ளே இருக்கும், உரிமைக்காரி வெளியே நிற்பாள். நடுவில் அண்ணன் என்று ஒருவன் போய்வர வேண்டும்.

கடையில் கூட வேலை செய்யும் இந்து நண்பரிடம் இதைச் சொன்னபோது மிகவும் வருத்தப்பட்டார்.

"இன்னா பாய் இது? உங்க பொம்பளைங்க பாவம் பாய்."

இவருடைய அக்கா, புருஷன் அடிக்கிறான் என்று தாய்வீட்டுக்கு வந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடி, அனுசரித்துப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். "அங்க உங்க அக்கா பேசினாங்களா?" என்று கேட்டேன்.

"பொம்பள எதுக்குப் பேசணும்? அதான் நாங்க இருந்தோமே."

பெண்களைக் காப்பாற்றுவதில் எங்கள் ஊரில் மத வேறுபாடே கிடையாது.

பஞ்சாயத்து அன்று பள்ளிவாசல் வாசல்வரை தங்கை எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். "அண்ணே, பயப்படாத. குலா வோணும்னு சொல்லு. வேற எது கேட்டாலும் திரும்ப அதையே சொல்லு." பிறகு எதிரே இருந்த மருந்துக்கடை நிழலில் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி ஹாஜியார். மச்சான் அருமையாகப் பேசினார். "ஊர் ஊரா பஸ்ல சுத்திகினு இருக்கா ஹாஜியார். கண்டவங்க ஊட்டுக்கும் போறா. ஒரு ஆம்பள எவ்ளோதான் பொறுத்துக்குவான்?" அவர் பொறுமையைக் கண்டு எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

என் முறை வந்தது. எழுந்து ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் இன்னொரு முறை ஸலாம் சொன்னேன். அதற்கும் பதில் சொன்னார்கள்.

"சரி, உக்காருப்பா," என்றார் ஹாஜியார். "அண்ணங்காரனே ஒண்ணும் சொல்லல. சேர்ந்து வாழட்டும். துஆ கேட்டு முடிச்சிக்கலாம்."

எல்லோருடைய கைகளும் மேலே போயின. துஆ என்ற அந்தப் பிரார்த்தனையை ஓதிவிட்டால் விஷயம் முடிந்தது, பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். அவள் ஆயுள் முழுக்க அந்த ஆளுக்குச் சம்பாதித்துப் போட வேண்டியதுதான். என் கை மட்டும் பாக்கெட்டுக்குப் போனது. தங்கைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, பாய் மேல் வைத்தேன்.

"இன்னா அண்ணே, சொல்லிட்டியா?"

கைகள் அப்படியே நின்றன. பொம்பளைக் குரல் பள்ளிக்குள் வரலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவர் வீட்டம்மா போனில் இஞ்சி பூண்டு வாங்கிவரச் சொல்லி, அந்தக் குரல் சுவரெல்லாம் மோதிவிட்டுப் போயிருந்தது. யாரும் அதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

இவர்கள் பேசியது போனில் தங்கைக்கும் கேட்டிருக்கிறது.

"ஹாஜியார், நபி காலத்துல ஒரு பொம்பள நேரா நபிகிட்டயே வந்து குலா கேட்டாங்கன்னு போன வெள்ளிக்கிழம நீங்கதான மைக்ல சொன்னீங்க? ஊட்ல இருந்து கேட்டுகினு இருந்தேன். அவங்க அண்ணனை அனுப்பினதா நீங்க சொல்லலியே?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். அவர் படித்த மனிதர். அதனால் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். "குலா கேட்டா மஹரத் திருப்பிக் குடுக்கணும்மா. கல்யாணத்துல மாப்ள உனக்கு மஹரா போட்ட செயின் எங்க?"

"வேலூர்ல அந்தப் பொம்பள கழுத்துல இருக்குது. இவருதான் கழட்டிகினு போயி போட்டாரு. நான் எப்பவோ திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதிக்குங்க."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அதுவரை தண்ணீர் மாதிரி பேசிய மனிதர் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார். "உண்மையா?" என்றார் ஹாஜியார். இரண்டாவது முறை கேட்டபோது, "கொஞ்ச நாளைக்குன்னுதான் போட்டேன்," என்றார். ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சம்மதம்னு சொல்லித் தொலைடா," என்றார். மச்சான் சொன்னார்.

தங்கை கையெழுத்துப் போட வேண்டும். அவள் உள்ளே வரக் கூடாது. ஜமாஅத் பதிவேடு வெளியே போகும் வழக்கமில்லை. இரண்டில் எது பெரிய பாவம் என்று யோசித்து, கடைசியில் பதிவேட்டை வெளியே அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இத்தா, அதாவது மணவிலக்கான பெண் ஒதுங்கியிருக்க வேண்டிய காலம். கோர்ட்டிலும் பதிந்துகொள்வது நல்லது என்று யாரோ சொன்னார்கள். அங்கே அவளை உள்ளே விடுவார்கள் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல அவளிடம் போய், "வேலூர் பஸ்ஸுக்குச் சில்லற இருந்தா குடு," என்றார்.

தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த ஆளாண்ட சொல்லு. நான் இத்தாவுல இருக்கேன். அன்னிய ஆம்பளைங்களோட பேசக் கூடாது."

அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். இருந்தாலும் சொன்னேன்.