நோர்பரி மண்டபத்தில் நான் வரைந்த சதுரம்

சென்ற சனிக்கிழமை பிளேஸ்டோவில் இருந்து நோர்பரிக்குப் போய் வந்தேன். எழுபதுகளில் தென் லண்டன் சதுர நடனக் கழகங்களுக்காக நாங்கள் நடத்திய சிறு சஞ்சிகையின் வரலாற்றை அங்கே ஒரு சேர்ச் மண்டபத்தில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். துண்டுப்பிரசுரத்தில் சஞ்சிகை ஆசிரியர் சாமுவேலின் படம் இருந்தது. என்னுடையது இல்லை. நான் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

டிஸ்ட்ரிக்ட் லைனில் விக்டோரியாவுக்கு முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து நோர்பரிக்கு ரயிலில் இருபது நிமிடம். முதியவர்களுக்குக் கொடுக்கும் ப்ரீடம் பாஸ் இருந்தால் செலவே இல்லை. நோர்பரி ஸ்டேஷனுக்கு அருகே ஒரு தமிழ்க் கடையில் வழி கேட்டேன்.

“சேர்ச்சில என்ன ஐயா, கலியாணமோ?” என்றார் கடைக்காரர்.

“இல்லை. ஸ்கொயர் டான்ஸ்.”

“இந்த வயசிலயோ?”

“ஆடப் போகேல்லை. சண்டை பிடிக்கப் போறன்.”

“அப்ப ஒரு ரோல்ஸ் சாப்பிட்டுட்டுப் போங்கோ. வெறும் வயித்தில சண்டை பிடிக்க ஏலாது.”

மட்டன் ரோல்ஸ் ஒன்றரைப் பவுண். உறைப்புப் போதாது.

இந்த நடனம் தெரியாதவர்களுக்கு: ஒரு சதுரத்தின் நான்கு பக்கமும் நான்கு சோடிகள் நிற்பார்கள். ஒருவர் மேடையில் நின்று, எந்தச் சோடி எங்கே போக வேண்டும் என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். சாமுவேல் ஈப்போவில் இருந்து படிக்க வந்தவர். கோலியர்ஸ் வுட்டில் என் அறைக்கு அடுத்த அறை. அவர்தான் என்னை நடனக் கழகத்துக்குக் கூட்டிப்போனார். சஞ்சிகைக்கு ஆசிரியவுரை எழுதினார், அட்டையில் பெயர் போட்டுக்கொண்டார். தட்டச்சை நானாகவே பழகி ஸ்டென்சில் வெட்டியவன் நான். படங்களை வரைந்ததும் ரோனியோ என்ற நகலெடுக்கும் இயந்திரத்தின் பிடியைச் சுற்றியதும் நான். மை ஒட்டியது என் கையில்.

மண்டபத்தில் சாமுவேல் ஆடிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டே வயது இளையவர். தலை நிறைய முடி. முழங்கால் சொன்னபடி கேட்கிறது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஊன்றுகோலுடன் காட்சிப் பெட்டிகளைப் பார்க்கப் போனேன்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் முதல் இதழ் விரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் வரைந்த சதுரம். கீழே ஒரு குறிப்பு அட்டை: ‘ஆசிரியர் சாமுவேலின் புகழ்பெற்ற பிழை.’ சோடிகளை இடஞ்சுழியாக எண்ணுவதுதான் வழக்கமாம். படத்தில் வலஞ்சுழியாக எண் போட்டிருக்கிறது. அதை நம்பியவர்கள் ஒருவிதமாகவும் மற்றவர்கள் வேறுவிதமாகவும் நின்றதால், ‘இரண்டாம் சோடி’ என்று கூப்பிட்டதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்து மோதினார்களாம். அந்தப் படத்தைத் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சடித்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் சாமுவேலிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பொறுப்பாக இருந்த மார்கரெட் என்ற பெண்மணியிடம் போய், இது நான் வரைந்த படம் என்றேன். எப்படி நம்புவது என்று கேட்டார்.

“நான் கோயிலை வலம் வந்து வளர்ந்தவன். எதையும் அந்தத் திசையில்தான் எண்ணுவேன். சாமுவேல் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். அவருக்குக் கை இந்தத் திசையில் வராது.”

மார்கரெட் சாமுவேலைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஆமா, அண்ணன்தான் வரைஞ்சாரு,” என்று சிரித்தார் அவர். “குரோய்டன்ல ஒரு அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி உடைஞ்சிருச்சு. நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“பிழை உங்களோடதுன்னு ஊரெல்லாம் எப்படிண்ணே சொல்றது? நீங்க மனசு கஷ்டப்படுவீங்க. அதான் என் தலையில போட்டுக்கிட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் விஷயம் கேட்டறிந்து அவரை இன்னும் அன்பாகப் பார்த்தார்கள். பெருந்தன்மையும் அவர் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது.

“அது பிழையில்லை,” என்றேன். “வலமாச் சுத்துறதுதான் முறை.”

“மோதுவாங்கண்ணே.”

“மோதட்டும்.”

மார்கரெட் புதிய அட்டை எழுதினார்: ‘இந்தப் பிழையான படத்தை வரைந்தவர் செல்லத்துரை.’ பிழையான என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். அந்தப் பிழை இல்லாவிட்டால் படத்தைப் பெட்டியில் வைத்தே இருக்க மாட்டார்களாம். தேநீர் ஆறும்வரை வாதாடினேன். அவரும் என்னைப் போன்றவர்; அசையவில்லை.

திரும்பும் ரயிலில் யோசித்தேன். ஆசிரியவுரைகளை அங்கே ஒருவரும் நின்று வாசிக்கவில்லை. என் சதுரத்தின் முன்தான் கூட்டம். இத்தனை வருடமும் அந்தக் கூட்டம் சாமுவேலுக்குச் சேர்ந்ததை நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: இந்த மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் பத்து மணி முதல் நான்கு மணி வரை. அனுமதி இலவசம். கோப்பை ஆறு பவுண். நான் இரண்டு வாங்கினேன், கையெழுத்து இல்லாமல். சுவரில் உள்ள அம்புக்குறியின் வழியே போனால் முதலில் வருவது சாமுவேலின் படம். அதைப் பார்க்க வேண்டாம். வாசலில் இடப்பக்கம் திரும்பி, மண்டபத்தை வலமாகச் சுற்றுங்கள். அப்படி வந்தால் முதல் பெட்டியே என்னுடையது. அட்டையில் பெயரை மட்டும் வாசித்தால் போதும்.