களமெட்டியக் கடலும் இடப்பக்கக் கண்ணாடியும்

2003 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10.

குருவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டோம். பழையதில் நானும் என் மனைவி சரசுவும். புதியதில் என் தம்பி ரவியும் சாப்பாட்டுக் கூடையும். ரவி குவைத்திலிருந்து போன மாதம்தான் வந்தான். வந்த வாரமே வண்டி வாங்கிவிட்டான். தோட்டத்து ஆபீசில் பத்தொன்பது வருடமாகக் கிளார்க்காக இருக்கும் என்னுடையது, எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி.

போகும் இடம் களமெட்டிய. அம்பலாந்தோட்டைக்கு இப்பால், ஹுங்கம பக்கத்தில் உள்ள மீனவக் கிராமம். எங்கள் கொழுந்து லொறி டிரைவர் சொன்ன இடம். "ஹோட்டல் இல்ல, வெள்ளக்காரன் இல்ல, சத்தமே இல்லீங்க. நாலு வள்ளந்தான் கெடக்கும்." தோட்டத்திலிருந்து நூற்று இருபத்தாறு கிலோமீற்றர்.

சரசுவுக்கு நாற்பத்தொரு வயது. கடலைப் பார்த்ததில்லை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. பிள்ளைகளை விட்டு அவளால் எங்கும் நகர முடிந்ததில்லை. கடலை முதன்முதலாகக் காணும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் கிடையாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சேலையோடு இடப்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள் என்பதால், முதல் நாள் மாலையே இடப்பக்கக் கண்ணாடியை அவள் முகம் தெரியும்படி திருப்பி, முடுக்கி வைத்தேன்.

6.20. இரத்தினபுரியில் பெற்றோல், லீற்றர் 53 ரூபா. பெல்மதுளையில் தேநீர். நான் பையைத் துழாவுவதற்குள் ரவி காசைக் கொடுத்துவிட்டான். எம்பிலிப்பிட்டியவுக்கு முன்னால், சண்டைக் காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையோடு நடந்து கடக்க வேண்டியிருந்த சோதனைச் சாவடியில் இப்போது ஒரு மாடு படுத்திருந்தது. எம்பிலிப்பிட்டியவில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினோம். மலை முடிந்துவிட்டது. வெயில் வேறு விதமாகச் சுட்டது.

9.40. பதலங்கல. என் பின் டயரில் ஆணி. டயர் கடைக்காரர் விகாரைக்குப் போயிருந்தார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

"அண்ணி எதுக்கு வெயில்ல காயணும்? நான் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ மெதுவா வாண்ணே" என்றான் ரவி.

மறுத்துச் சொல்ல நியாயமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"ஹுங்கம சந்திக் கடையிலேயே நில்லுங்க. நான் வராம கடலுக்கு எறங்கிறாதீங்க" என்றேன்.

"ஏன், அதுக்குள்ள கடல் வத்திப் போயிருமா?" என்று சிரித்துக்கொண்டே சரசு ஏறினாள். என் வண்டியில் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். ரவியின் வண்டியில் பிடித்துக்கொள்ளப் பின்னால் தனிக் கம்பி இருந்தது. அந்தக் கம்பியைப் பார்த்ததில் எனக்குச் சற்று நிம்மதி.

11.35. ஹுங்கம சந்தி. கடையில் அவர்கள் இல்லை. கடைக்காரப் பெண் நான் கேட்குமுன்பே மண்பாதையைக் கை காட்டினாள். "மாத்தயாய் நோனாய் முஹுதட்ட கியா." ஐயாவும் அம்மாவும் கடலுக்குப் போய்விட்டார்களாம். அந்த அம்மாவுக்குரிய ஐயா நான்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். சொல்லவில்லை. பதினைந்து ரூபாவுக்கு ஒரு செவ்விளநீர் குடித்தேன். இனிக்கவில்லை.

டிரைவர் பொய் சொல்லவில்லை. கடலை ஒட்டிய களப்பின் ஆழமற்ற நீரில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. மணல் வளைந்து கிடந்தது, அதில் ஐந்து வள்ளங்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர ஆளே இல்லை. கரையில் துருத்தி நின்ற கல்லுக்கு அப்பால் அலை இழுக்கும், இப்பால் கால் நனைக்கலாம் என்றார் அவர். போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சரசு முழங்கால்வரை நனைந்து நின்றாள். காலில் ஒரு செருப்பு மட்டும்.

"அண்ணே, நீ பாத்திருக்கணும்!" என்று ரவி ஓடி வந்தான். "மண்பாதை திரும்புனதும் அண்ணி 'ஆத்தாடீ'ன்னு போட்டாங்க பாரு ஒரு சத்தம்! அழுதுட்டாங்க. ஒடனே சிரிச்சாங்க. அதுக்குள்ள ஒரு செருப்ப அலை கொண்டுபோயிருச்சு."

"சந்தியில நிக்கச் சொன்னேனே."

"அண்ணிதான் நிக்கல. காத்துல உப்பு வாசம் வருது, போங்க தம்பின்னாங்க."

சரசுவிடம் கேட்டேன்: "எப்பிடி இருந்துச்சு?"

"அதான் தம்பி சொல்லிட்டாரே" என்றாள்.

ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றோம். தயிர் நன்றாக இருந்ததாக இருவரும் சொன்னார்கள். ரவி சிப்பி பொறுக்கிக் கொடுக்க, அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

3.15. புறப்பட்டோம். ரவி முன்னால் போனான். மண்பாதை மேடேறும் இடத்தில், தாழைக்கு மேலே கடல் கடைசியாகத் தெரியும். அங்கே வண்டியைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினேன். கடல் இடப்பக்கம் வந்தது.

"என்னங்க, மறுபடி பஞ்சரா?"

"இஞ்சின் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

கண்ணாடியில் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. சத்தமில்லை, சிரிப்பில்லை. பிள்ளைக் காம்பராவில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை என் தோளுக்கு வந்து, அங்கேயே இருந்தது.

மேட்டுக்கு அப்பாலிருந்து ரவி ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"தம்பி கூப்பிடுறாரு" என்றாள் சரசு, கண்ணை எடுக்காமல்.

அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.