பாலத்தைத் தட்டிப் பார்ப்பவர்

வேலையிடத்தில் அவரை எல்லாரும் ஆமாம்சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஆமா" என்பார். மேலதிகாரிகளுக்குக் கூழைக்கும்பிடு போடுகிறார் என்று கேலி வேறு. அட பாவிகளா, மனிதருக்குக் காது கேட்கவில்லை! இரண்டு வருஷமாகவே கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் பாதி, குத்துமதிப்பாகப் பாதி என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி.

நகரத்தின் வடகரையையும் தென்கரையையும் இணைக்கும் பெரிய இரும்புப் பாலத்தில் அவருக்கு வேலை. பாலத்துக்கு அடியில் தொங்கும் நடைபலகையில் நின்று ஒவ்வொரு நட்டாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் 'டங்' என்று கேட்கும், தளர்ந்திருந்தால் 'டொக்'. மறுபக்கம் விரலை வைத்துக்கொண்டால் அதிர்விலும் தெரியும். தலைக்கு மேல் பஸ்ஸும் லாரியும் போகிற இரைச்சலில், நட்டருகே காதை வைத்தவருக்குத்தான் வித்தியாசம் புரியும். அவர் "சரி" என்று கத்துவார். நாலடி தள்ளி, தாள் செருகிய அட்டையோடு நிற்கும் பெண் தாளில் டிக் போடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. கண்ணைப் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். காது எவனுக்கும் ஞாபகம் வரவில்லை.

காது போனதும் விரலை நம்பினார். இருபத்தாறு வருஷம் சுத்தியலோடு கிடந்த கை. இந்தக் குளிர்காலத்தில் விரலும் மரத்துப்போயிற்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம் என்று மென்று முழுங்கிவிட்டு, "சரி, சரி" என்று கத்திக்கொண்டே போனார்.

பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் நாலு நட்டுகளைக் கையாலேயே கழற்றி எடுத்துவிட்டார்கள். நாலும் போன வாரம் அவர் தட்டியவை. பொறியாளர் அவரையும் டிக் போட்ட பெண்ணையும் அறைக்குக் கூப்பிட்டார். தாளில் நாலுக்கும் டிக் இருந்தது. தாளைவிட்டுத் தலையைத் தூக்காமல் பொறியாளர் ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை. ஆமாம்சாமி பழக்கதோஷத்தில், "ஆமா சார்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது.

படிக்கட்டில் அவள் முன்னால் வந்து வழிமறித்தாள். "ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க? 'தளர்ந்திருக்குன்னு நீங்க சொன்னீங்களா'ன்னு கேட்டதுக்கு ஆமாங்கறீங்க! நீங்க சரின்னுதானே கத்தினீங்க? நாளைக்குக் காலையில அட்டையைக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு. ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்கேண்ணே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு அவளைச் சுற்றிப் படியிறங்கினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள். "நாலு மாசம்ங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கிடைக்காமலா போகும்?"

தலைவலி மாத்திரை தேடி அவள் கைப்பையைத் துழாவினார். சுரங்க ரயிலின் மாதப் பாஸ் ஒன்று கையில் வந்தது. அதற்குக் கீழே போன மாதத்துடையது, அதற்கு முந்தின மாதத்துடையது. தென்கரை ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சலவை வேலை. பாலத்து பஸ்ஸில் பத்து நிமிஷம். ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்க ரயில் என்றால் இரண்டு இடத்தில் மாறி ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும்.

"இது என்ன?"

அவள் பாஸைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்து, "பயமா இருக்குங்க" என்றாள்.

ஊரே அவள் கண்ணெதிரே அந்தப் பாலத்தில் போய்வந்துகொண்டிருக்கிறது. அவள் மட்டும் போகவில்லை! அவரால் அவளைத் திட்டவும் முடியவில்லை. எந்த வாயால் திட்டுவது?

காலையில் பொறியாளர் அறைக்குப் போனபோது அந்தப் பெண் அட்டையையும் தலைக்கவசத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், தப்பு இவங்க மேல இல்ல. எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்காது."

பொறியாளர் சிரித்தார். "இப்ப நான் பேசறது மட்டும் எப்படிக் கேக்குதாம்? பாவம் பார்த்து உளறாதீங்க. போய் வேலையைப் பாருங்க."

கெட்டிக்காரத்தனமாக மறைத்ததற்குக் கிடைத்த கூலி! "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன் சார். நீங்க எது வேணாலும் கேளுங்க. நான் பதில் சொல்லிட்டேன்னா இவங்கள அனுப்பிடுங்க."

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் நகரத்தின் வரைபடம். ஆற்றின் குறுக்கே பாலம் ஒரு கருப்புக் கோடு. அறையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டாரா, இன்னும் கேட்கவில்லையா? இல்லை, நம்பாமல் எழுந்தே போய்விட்டாரா?

தோளில் ஒரு கை பட்டது. திரும்பினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "மூணு தடவை கேட்டுட்டாருண்ணே. கடைசியில கத்தியே கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"பாலத்தை இப்பவே மூடிடவான்னு."

பொறியாளர் முகம் வெளுத்து, போனைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடுங்க சார்," என்றார் அவர். "முழுசா மூடுங்க."