பாட்டு எப்போ வரும்?

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். நான் டெக்னோ இசை போடுகிறவன். பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, மூன்று பேர் கை மாறி வந்த கம்ப்யூட்டரில், பாடகர் இல்லாத, வரிகள் இல்லாத, ராகம் என்று துணிந்து சொல்லவும் முடியாத இசையைச் செய்துகொண்டிருந்தேன். இதை உள்ளபடி சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். அதனால் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொள்வேன். பேங்கில் கேட்டால் சவுண்ட் இன்ஜினியர். கோயிலில் அர்ச்சகர் கேட்டால் கேசட் கம்பெனி. கூடப் படித்தவர்களிடம் மட்டும் டீஜே. அவர்கள் உடனே தங்கை கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிடுவார்கள்.

அப்படிப் போன ஒரு ரிசப்ஷனில், சாப்பாட்டு நேரம்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று என் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன். மூன்றாவது நிமிடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் ஐஸ்கிரீமோடு மேடைக்கு ஏறி வந்தார். “தம்பி, சிடி ஒரே எடத்துல மாட்டிக்கினு இருக்குது பாரு. தொடச்சிப் போடுபா” என்றார். நானும் துடைத்துப் போட்டேன். சினிமாப் பாட்டாகத்தான் போட்டேன்.

இதெல்லாம் இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் தவம் கிடந்து, ஜெர்மனியில் ஒரு சின்ன இசைக் கம்பெனிக்கு எழுதி எழுதி, தபாலில் சிடி அனுப்பி, கடைசியில் அவர்கள் என் இசை ஒன்றை எடுத்து இசைத்தட்டாகப் போட்டார்கள். கறுப்பு இசைத்தட்டு. ஊரே கேசட்டை விட்டு சிடிக்குத் தாவிக்கொண்டிருந்த காலத்தில் நான் மட்டும் தாத்தா காலத்துத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து பிரதிகள் தபாலில் வந்தன. ஒன்றில் விரிசல். அதை வைத்துச் சுழற்றிக் கேட்க எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. நாலு நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்ததோடு சரி.

அதன் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் என் பெயர் இல்லை. காஞ்சிபுரத்துக்காரன் பெயரைப் பார்த்தால் ஐரோப்பாக்காரன் வாங்க மாட்டான் என்று நானே முடிவு செய்து, நாகரிகமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மாத்திரையின் பெயர் மாதிரி இருக்கும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா தெருவில் உள்ள தறிகளுக்குத் தார் சுற்றி, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். கூடத்தில் அவள் ராட்டை, அடுத்த அறையில் என் ஸ்பீக்கர்கள், நடுவில் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும். ஆறு நிமிட இசையைச் செய்ய எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆறு மாதமும் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். “மண்டைக்குள்ள அம்மி கொத்துற மாதிரி இருக்குதுடா, இதுக்கு ஒரு முடிவே கெடையாதா?” என்று கேட்பாள். இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா என்பேன். அப்போதைய என் கர்வத்துக்கு ஓர் அளவில்லை.

இந்த நிலையில்தான் தரகர் ஆரணியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். என் வேலை என்ன என்று அவருக்கும் புரியவில்லை. ஜாதகத்தின் மூலையில் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதிக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

பெண் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்து, பேசுவதென்றால் பேசிக்கொள்ளட்டும் என்று எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் நேராகக் கேட்டாள்: “கம்ப்யூட்டர்னு சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல இன்னா பண்றீங்க?”

என்ன தோன்றியதோ, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உண்மையைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஜெர்மனி, இசைத்தட்டு, ஒரே தாளம் மெல்ல மெல்ல நிறம் மாறுவது என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு பிரசங்கமே செய்துவிட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அதுல பாட்டே வராதா?”

“வராது.”

“எல்லாம் நீங்களே போட்டதா?”

“நானேதான்.”

“எனக்கு அதைக் கேக்கணும் போல இருக்குது” என்றாள்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நிறுத்து என்றவர்கள்தான் அதிகம். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைப்பானேன், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அளவுக்கு நான் அதற்கு முன்னால் எதற்கும் ஆசைப்பட்டதில்லை, ஜெர்மன் கம்பெனியின் பதில் கடிதம் உட்பட.

அவர்கள் பக்கத்தில் கிட்டத்தட்டச் சரி என்றுதான் இருந்தது. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் பூ வைத்துவிடலாம் என்றார்கள். வருவதற்கு முதல் நாள் தரகர் ஒரு சேதி சொன்னார். “பொண்ணு அவங்கப்பாகிட்ட சொல்லி அனுப்புதாம், அவரு போட்ட பாட்டைக் கேட்டுட்டு வந்து எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்கன்னு. பாட்டெல்லாம் போடுவியாபா நீயி? சொல்லவே இல்லியே!”

இசைத்தட்டு இருக்கிறது, போட என்ன செய்வது? டிப்ளமோ முடித்த புதிதில் நான் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்துகொடுத்த மைக்செட் கடைக்காரரிடம் ஓடினேன். அவரிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று சாக்குப்பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர். மறுநாள் காலையில் தானே ட்ரைசைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே, நான் கேட்காத ஒரு குழாய் ஸ்பீக்கரையும் இறக்கி வாசல் கம்பத்தில் கட்ட ஆரம்பித்தார். இது எதற்கு என்றேன். “கல்யாணப் பேச்சுபா, தெருவுக்குத் தெரிய வேணாமா?” என்றார். இனாமாக வந்ததை எப்படி வேண்டாம் என்பது, கட்டட்டும் என்று விட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எனக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

பதினோரு மணிக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில், அமைதியாக, மரியாதையாக இருந்தார். பாயில் உட்கார்ந்ததும், “பொண்ணு கண்டிப்பா கேட்டுட்டு வரச் சொல்லிச்சு தம்பி, போடுங்க” என்றார். கடைக்காரர் ஊசியை எடுத்து வைத்தார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். டெக்னோவில் முதல் இரண்டு நிமிடம் வெறும் ‘டும் டும்’ மட்டும்தான் வரும். முன்னால் ஓடுகிற தட்டோடு இதைச் சேர்த்து ஓட்ட டீஜேக்களுக்கு அந்த இடம் தேவை. கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் பாயில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டும், டும், டும், டும். வாசலில் குழாய் அதையே தெருவுக்குச் சொன்னது. பெண்ணின் அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்து, வரப்போகிற குரலுக்காகக் காத்திருந்தார். தாய்மாமன் கூரையைப் பார்த்தார். தரகர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

“பாட்டு எப்போ தம்பி வரும்?”

“இதோ வந்துடுங்க” என்றேன். வராது என்று தெரிந்தும் சொன்னேன்.

அதற்குள் வாசலில் ஆள் நிழல். எதிர் வீட்டுக்காரர், தறியிலிருந்து இறங்கி அப்படியே வந்திருந்தார். “போர் போடுறீங்களா? சொல்லவே இல்லியேபா. எத்தினி அடியில தண்ணி வந்துச்சு?” அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், போர் வண்டி எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இசைத்தட்டின் உறையை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இதுல இருக்குற பேரு உங்க பேரு இல்லியே தம்பி. இது நீங்க போட்டதுதானே?”

அந்த மனுஷர் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. மகளிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்று கேட்டார். நானோ வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன், குலுங்குகிற தோளைப் பார்த்தேன். கைக்கு வந்த பெண் இந்தச் சத்தத்தால் போய்விடுவாள் என்று பயந்தேன். வாய் முந்திக்கொண்டது.

“இல்லீங்க. இது என் ஃபிரெண்டு போட்டது. சும்மா விளையாட்டுக்குப் போட்டுக் காட்டினேன். நான் கம்ப்யூட்டர் வேலைதாங்க.”

அப்போது அம்மா காபித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். நடுக் கூடத்தில் நின்றுவிட்டாள்.

“இன்னாது? ஃபிரெண்டா? எந்த ஃபிரெண்டுடா?”

கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அண்ணா, இவன் இன்னாத்துக்கு இப்பிடிச் சொல்றான்னு தெர்ல. இந்தக் கருமத்தை ஆறு மாசம் ராவும் பகலும் கேட்டுக்கினு கெடந்தவ நானு. எனக்குத் தெரியாதா? பாருங்க, இப்போ டக்குன்னு நிக்கும்.” நின்றது. “இப்போ சொய்ங்குனு ஒண்ணு கீழ இருந்து மேல ஏறும்.” ஏறியது. “எட்டு வாட்டி ஏறும். அப்பால பழையபடி டும்மு டும்மு வரும், ஆனா கூட ஒரு டிங்கு சேந்துக்கும்.” காபித் தட்டைப் பிடித்தபடியே விரலால் எண்ணினாள். எட்டு முடிந்ததும் ‘டிங்’ வந்தது. “அந்த டிங்கு என் கரண்டிண்ணா. வாணல்ல தட்டுறப்போ இவன் திரைக்குப் பின்னாடி மைக்கை நீட்டிக்கினு இருந்தான். எவனோ ஃபிரெண்டு போட்டிருந்தா என் கரண்டி எப்பிடி அதுக்குள்ள போவும்?”

கரண்டிச் சத்தத்தை எடுத்ததை நான் அவளிடம் சொன்னதே இல்லை. திருட்டுத்தனமாக எடுத்து, அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இசைத்தட்டு எத்தனையோ ஊர்களில் ஓடியது, ஆட்டமும் போட்டிருப்பார்கள். அதை அவளைப் போல அடிக்கு அடி தெரிந்தவர் உலகத்தில் யாருமில்லை. அந்த ஆளைத்தான் உனக்குப் புரியாது என்று உட்காரவைத்திருந்தேன். நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டு முடிந்து ஊசி கரகரவென்று தேய்ந்தது. பெண்ணின் அப்பா காபியைக் குடித்துவிட்டு, “நல்லதுங்கம்மா, போயிட்டு சொல்லி அனுப்புறோம்” என்று கும்பிட்டார். என்னைப் பார்த்தும் கும்பிட்டார்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். ஜாதகத்தை மடித்தபடியே திருப்பிக் கொடுத்தார். சத்தம் பிடிக்கலியாமா என்று கேட்டேன்.

“சத்தத்தை யாருமே ஒண்ணும் சொல்லலபா. அவங்கப்பா நடந்ததை அப்பிடியே போய்ச் சொல்லிட்டாரு. கரண்டி கதையைக் கேட்டு அந்தப் பொண்ணு சிரிச்சிச்சாம். அப்பால அவங்கப்பாவைப் பாத்து, ‘எங்கிட்ட தானேதான் போட்டதா சொன்னாரே, உங்ககிட்ட ஏன் இல்லன்னாரு’ன்னு கேட்டுச்சாம். வேணாம்னு சொல்லிட்டுது.”

அவர் போன பிறகு திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“ஏன்டா, அது நீ போட்டதுதானே?” என்றாள், ராட்டையை நிறுத்தாமல்.

“ஆமாம்மா” என்றேன். பெண்ணின் அப்பா அன்றைக்கு என்னிடம் கேட்டதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.