நாலு விரற்கடை குறைந்த கூரை

என் மனைவியின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று 1977-இல் காரைக்கால் திரும்பியபோது, பிரான்சில் பழையதாக வாங்கிய ஒரு காரையும் கப்பலில் கொண்டுவந்தார். இரண்டே இருக்கை, மடக்கும் துணிக் கூரை, இடப்பக்கம் ஸ்டியரிங். மறு வருஷமே மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார். கார் எங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வந்தது.

அதன் கோளாறுகளைத் தேதி போட்டு எழுதிவந்தேன். உப்புக்காற்றில் தரைத் தகடு அரித்தது. கோடையில் ரேடியேட்டர் கொதித்தது. ஒரு வாரம் எடுக்காவிட்டால் பாட்டரி படுத்துவிடும். குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது: கிளம்ப மறுத்த நாள்களில் பெரும்பாலானவை ஈரக் காலைகள். என்ஜினுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்துப் பொறி செத்துவிடுகிறது. மூடியைக் கழற்றி அடுப்போரம் காயவைத்தால் ஓடும்.

1979 புரட்டாசியில் கூரை கிழிந்தது. கட்டுமரங்களுக்குப் பாய் தைப்பவரிடம் புதுக் கித்தானில் தைக்கக் கொடுத்தேன். முரசுத் தோல்போல விறைப்பாகத் தைத்திருந்தார்.

“கொஞ்சம் தளர்வா விட்டிருக்கலாமே?”

“தொளதொளன்னு இருந்தா காத்து புடிக்காதுங்க சார்.”

“இது காத்து புடிக்க வேண்டாங்க.”

“அட, காருன்னாலும் ஓடத்தானே போவுது!”

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

ஐப்பசியில் என் மனைவிக்கு அம்பகரத்தூரில் ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது. ஆறு வருஷம் காத்திருந்த வேலை. குறித்த நாள் முற்பகலுக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து. தபால் தாமதித்ததில், கெடுவுக்கு முந்தின நாள்தான் அது கைக்குக் கிடைத்தது.

மறுநாள் விடாத மழை. அம்பகரத்தூருக்கும் மேற்கே எங்கோ சாலை அரித்துப்போனதால் பஸ் வரவில்லை. ஒன்பதரைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை அடுப்போரம் வைத்தேன்.

“இட்லிக்குப் பக்கத்துல அந்த எண்ணெய்ச் சனியனைக் கொண்டாந்து வைக்கிறீங்களே!” என்றாள்.

முதல் திருகலிலேயே என்ஜின் பிடித்தது. கூரையை இழுத்தேன், வரவில்லை. கொட்டகை ஒழுகி, மடித்து வைத்திருந்த கித்தான் நனைந்து சுருங்கியிருந்தது. நனைந்த பாய் சுருங்கினால் கட்டுமரத்துக்கு ஒன்றுமில்லை; இதுவோ முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும். நாலு விரற்கடை குறைந்தது. இரண்டு பேரும் தொங்கியும் எட்டவில்லை.

அவள் உத்தரவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். “திறந்தே போகட்டும், கிளம்புங்க.”

இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற எனக்கு முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் இருக்கும் அவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்வாள். வழக்கமாக முப்பதைத் தாண்டினாலே திட்டுவாள். திருநள்ளாறு தாண்டியதும் ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். வேகமாகப் போனால் மழை கண்ணாடியின் மேல் ஏறித் தலைக்கு மேலாகப் பறந்துவிடுகிறது. மெதுவாகப் போனால் மடியில் கொட்டுகிறது.

“இன்னும் அழுத்துங்க!” என்றாள்.

வைக்கோல் வண்டி ஒன்று முன்னால் மெதுவாகப் போனது. வேகம் குறைந்ததும் வாளியால் ஊற்றியதுபோல் நனைந்தோம். என்ஜின் இருமியது.

“இருங்க... லாரி வருது... இருங்க... ம், போங்க, போங்க!”

வண்டிக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எங்களை வாய் பிளந்து பார்த்தார். இருமல் அடங்கி என்ஜின் பிடித்துக்கொண்டது.

பள்ளி வாசலில் நிறுத்தும்போது பத்தே முக்கால். இறங்கியவளின் சேலையிலிருந்து தண்ணீர் ஓடியது. தலைமையாசிரியை மேலும் கீழும் பார்த்தார்.

“நடந்தா வந்தீங்க?”

“இல்லீங்கம்மா, கார்ல.”

“கார்லயா?” என்று எட்டிப் பார்த்தார். துண்டு கொடுத்தார். டிபன் பாக்ஸுக்குள் உத்தரவு நனையாமலே இருந்தது. விரல்களைத் துடைத்துக்கொண்டு என் மனைவி பதிவேட்டில் தேதியும், பக்கத்தில் ‘முற்பகல்’ என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

“சேலை காயட்டும்னு உக்காந்துடாதீங்க. அஞ்சாம் வகுப்புக்கு ஆளில்ல, சத்தம் கேக்குதுல்ல?” என்றார் தலைமையாசிரியை.

முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டு அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். கடைசி அறைக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றது. பிறகு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொன்னது வாசல்வரை கேட்டது.