கலக்காத குப்பி

பதினைந்து வருடங்களாக எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு மனிதர் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, "அந்தக் குப்பியை நான் கலக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அவர் என்று எழுதுகிறேன். மரியாதையால் இல்லை. அவன் என்று எழுதினால் எழுத்து கோணிக்கொள்கிறது.

எப்போதும்வென்றான் என்ற கிராமத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஆடும் உண்டு, கொஞ்சம் கரிசல் காடும் உண்டு. அண்ணன் மருந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தூளை டேங்கில் கொட்டி வேலிக்கருவைக் குச்சியால் கலக்கு கலக்கென்று கலக்குவான். தூக்கி முதுகில் மாட்டிக்கொள்வான். ஒவ்வொரு சால் முடிவிலும் நின்று ஒரு குதி குதிப்பான். முதுகில் டேங்க் களக் என்று குலுங்கும். பிறகுதான் அடுத்த சால்.

"எதுக்குண்ணே குதிக்கெ?"

"குதிக்கலேன்னா தூளு அடியில போயிப் படுத்துக்கிடும்டி. மேல வெறும் தண்ணி, அடியில வெசம். முத சால்ல புழு சிரிக்கும். கடைசிச் சால்ல பயிரு கருகும்."

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் ஊசி போடுவேன் என்று ஊரில் நினைத்தார்கள். நான் பார்த்தது வேறு வேலை. ஒரு பொருளை மிக நுணுக்கமாகப் பொடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துணுக்குகளை நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறிது. நானோ என்கிறார்கள். அந்த அளவில் துத்தநாகத் தூள் மூச்சோடு இறங்கி நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். உட்கார்ந்து அங்கே என்ன செய்கிறது என்று எலிகளில் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

சென்னையில் அவர் எனக்கு வழிகாட்டிப் பேராசிரியர். முதல் நாள் தூளைத் தண்ணீரில் கலந்து குளிர்பெட்டியில் வைப்பார்கள். மறுநாள் எடுத்து எலிகளின் மூச்சுக்குழாயில் சொட்டு சொட்டாக விடுவார்கள். ஒரு காலை குப்பியைப் பார்க்கிறேன், அடியில் வெள்ளையாகத் தூள் படுத்திருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீர். அவர் சிரிஞ்சை மேலாக வைத்து உறிஞ்சுகிறார்.

பதறியதில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "சார், அடியில தங்கிட்டு. கலக்கிட்டுல்லா எடுக்கணும்."

அவர் சிரிஞ்சைக் கீழே வைக்காமலே சொன்னார்: "குச்சியை விட்டுக் கலக்கறதுக்கு இது ஆட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி இல்லம்மா. லேப்."

ஆறு பேர் சிரித்தார்கள். யார் யார், எந்தெந்த வரிசையில் நின்று சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன்.

வெறும் தண்ணீர் இறங்கிய எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. பாதிப்பில்லை என்று கட்டுரை வந்தது. குப்பி பற்றி நான் எழுதிக் கொடுத்த குறிப்பு காணாமல் போயிற்று. கட்டுரையிலிருந்து என் பெயரும் காணாமல் போயிற்று. என் ஆய்வேடு இரண்டு மழைக்காலம் அவர் மேசையில் கிடந்து தூசி தின்றது. ஊருக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இம்புட்டுப் படிச்ச ஆளுக்கு இது தெரியலியா? நம்ம காட்டுக்குக் கூட்டிட்டு வா, டேங்க மாட்டிக் குதிக்க விடுதேன்." நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வஞ்சம் வளர்த்தேன். ஆட்டுக்குட்டிக்குக் குழை ஒடித்துப் போடுவது மாதிரி நாள் தவறாமல் அதற்குத் தீனி போட்டேன்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கோவில்பட்டியில் வீடு, தினமும் ரயில். ஒரு நாள் கடிதம் வந்தது. வயலில் தெளிக்கும் நானோ துத்தநாகத் தூளுக்கு அனுமதி கேட்டு ஒரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. நிபுணர் குழுவில் நானும் ஒருத்தி. விண்ணப்பக் கோப்பை ரயிலில் பிரித்தேன். ஆதாரமாக வைத்திருந்தது அவருடைய எலிகளை. அதே எலிகள். அதே கொழுகொழு.

கடம்பூரில் வண்டி நின்றது. போளி வாங்கினேன். நெய் விரலாலேயே அவர் கையெழுத்து இருந்த பக்கத்தைப் புரட்டினேன். கறை பட்டது. துடைக்கவில்லை.

விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு படிவம். 'ஆய்வாளரின் முன்னாள் மாணவி' என்று நிரப்பினேன். பொய்யில்லை. ஆனால் வெறும் மேல் தண்ணீர்.

கூட்டத்துக்குக் கம்பெனி சார்பில் வந்திருந்த அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நம்ம பொண்ணுதான்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எலிக்குக் கொடுக்கும் முன் குப்பியை எப்படிக் கலக்கினீர்கள், எவ்வளவு நேரம்?

"வழக்கமான முறைப்படிதாம்மா."

"எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

புரட்டினார். திரும்பப் புரட்டினார். "உதவியாளர் கலக்கியிருப்பார். இதெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதணும் சார். இது ஆட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி இல்ல. லேப்."

அவருக்கு நினைவு வந்தது. காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். சோதனையை என் ஆய்வகத்தில் திரும்பச் செய்யக் குழு சொன்னது.

இரண்டு கூட்டம் எலிகள். ஒன்றுக்கு அவர் கொடுத்தது போலத் தெளிந்த மேல் தண்ணீர். இன்னொன்றுக்கு ஒலியதிர்வுக் கருவியில் நன்றாகக் கலக்கிய தூள். இதை ஒளிக்கப் போவதில்லை: அந்த நுரையீரல்கள் கெட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மருத்துவ ஆராய்ச்சி செய்பவள் வேண்டக்கூடாததை வேண்டினேன். நுரையீரல் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் கூட்டம், துடைத்து வைத்தது போலச் சுத்தம். இரண்டாவது கூட்டம், காற்றறைகளுக்குள் அழற்சி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. கைகொட்டிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடுதான் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்த கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, வெறுங்காலோடு நடந்தேன். மக்காச்சோளத்துக்குள்ளே வெள்ளைப் புகை மாதிரி மருந்துச் சாரல். அண்ணன் வெளியே வந்து சால் முடிவில் குதித்தான். இறங்கியதும் இன்னொரு குதி. வரப்பில் ஒரு வெள்ளிநிறப் பாக்கெட் கிடந்தது. எடுத்துப் படித்தேன். அதே துத்தநாகம்.

"இது எப்படிண்ணே ஒங்கிட்ட?"

"கம்பெனிக்காரவிய போன வருசத்துலருந்து சும்மா குடுக்காவ. நம்ம காட்டுல சோதன பண்ணுதாவளாம்." இருமினான்.

"கலக்கித்தான அடிச்செ?"

"கேக்கா பாரு கேள்வி! என்னைய ஒங்க வாத்தியாருன்னு நெனச்சியோ? நீ அந்தக் கதயச் சொன்னதுலருந்து ரெண்டு குதில்லா குதிக்கேன்."

"இருமுதியேண்ணே."

"கார்த்திகப் பனி. வாயில துண்டுதான் கட்டியிருக்கேன்லா?"

அந்தத் துண்டின் இழைகளுக்கு நடுவே எத்தனை ஆயிரம் துணுக்குகள் கைவீசிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவருடைய எலிகளை அவருடைய சோம்பல் காப்பாற்றியது. என் அண்ணனை அவனுடைய நல்ல வேலை கைவிட்டது. டேங்கை அவன் முதுகிலிருந்து நானே இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து கோப்பை எடுத்தேன். கடைசியில் ஓர் இணைப்பு, சோதனை வயல்களின் பட்டியல். அதில் எங்கள் ஊர் இருந்தது. இத்தனை மாதமாக என் பையில் இருந்தது. நான் அவருடைய பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலில் அழற்சி. இந்தத் தூளாலா, இத்தனை வருடம் அடித்த மற்ற மருந்துகளாலா, வாலிபத்தில் தீப்பெட்டி ஆபீஸில் கந்தகத் தூசியில் வேலை பார்த்ததாலா, சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வேறு யாருடைய அண்ணனாக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மருந்து அடிப்பதை விட்டால் குறையலாம் என்றார்.

மறுவாரம், என் அறிக்கை குழுவுக்குப் போனது தெரிந்து பேராசிரியர் போன் செய்தார். "ஒரு குப்பி விஷயத்துக்காம்மா இவ்வளவு? என் மேல வஞ்சம் வச்சு நீ எழுதறதா நான் குழுவுக்குச் சொன்னா, உன் அறிக்கை நிக்குமா?"

நிற்காது. என் வெறுப்பே அவர் தப்பிக்கும் ஓட்டையாகிவிடும். அதை நானே அடைத்தேன். அன்றே குழுவுக்கு எழுதினேன்: இவர் என் பெயரை நீக்கியவர், எனக்கு இவர் மேல் தீராத வஞ்சம் உண்டு, முன்பு இதை மறைத்தது என் தவறு, என் அண்ணன் இந்தத் தூளை அடித்திருக்கிறான். என்னைக் குழுவிலிருந்து நீக்குங்கள். தகடுகளை, எது எந்த எலி என்று சொல்லாமல், என்னை அறியாத மூன்று பேருக்கு அனுப்புங்கள். சோதனை வயல்களில் அடித்தவர்களை, முக்கியமாக ஒழுங்காகக் கலக்கி அடித்தவர்களை, உடனே பரிசோதியுங்கள்.

நீக்கினார்கள். மூன்று பேரும் தனித்தனியே பார்த்தார்கள். மூன்று பேரும் அதே தகடுகளைத்தான் கெட்டவை என்று பிரித்து வைத்தார்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு என்னைச் சாட்சியாக மட்டும் அழைத்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலி. குழுத் தலைவர் பேராசிரியரை நேராகக் கேட்டார். அவர் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "அந்தக் குப்பியை நான் கலக்கவில்லை."

எனக்கு நன்றாகக் கேட்டது.

"சார், கேக்கல" என்றேன். "சத்தமா சொல்லுங்க."

சொன்னார்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, சொன்னானா?"

"ரெண்டு தடவ."

சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அது முடியும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.